ஹயசிந்த் கிழங்கும் நம்ம வீட்டுப் பூச்சட்டியும்



வீட்டுத்தோட்டம் பற்றிய இந்தப் பக்கத்தில் இதுவரை லீக்ஸ், போஞ்சி, கோவா என்று மரக்கறியைப் பற்றித்தான் கூடுதலாக எழுதி வந்தோம். இந்த முறை பூவைப் பற்றி எழுதுகிறோம். "வயித்துக்கு ஆகிறத விட்டுட்டு பூவப் பத்தி எழுத வந்துட்டாங்க" என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். எட்டடிக் காம்பராவில் இருந்தாலும் இஸ்தோப்பு ஓரத்தில் ஒரு தகரத்திலாவது பூச்செடி வைக்காத வீடு நம் லயங்களில் குறைவு. அதோடு, நாம் இங்கே சொல்லப் போகும் பூவில் காசும் சம்பந்தப்பட்டிருக்கிறது, பிள்ளைகளின் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. முழுவதும் வாசித்தால் விளங்கும்.

ஹயசிந்த் என்ற பூக்கிழங்கைப் பற்றி எங்களிடம் பல பேர் கேட்டுவிட்டார்கள். கேட்பவர்களில் அனேகர் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து திரும்பி வந்த நம் பெண்கள். லெபனானிலும் சைப்பிரஸிலும் வேலை செய்த வீடுகளில் குளிர்காலம் முடியும் நேரம் மேசையிலும் ஜன்னலிலும் சின்னச் சின்னச் சட்டிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தண்டில் நட்சத்திரம் போன்ற பூக்கள் நெருக்கமாக அடுக்கி, சோளப்பொத்தி அளவுக்குக் கொத்தாக நிற்கும். நீலம், வெள்ளை, ரோஸ் என்று பல நிறம். வாசம் மல்லிகையைப் போல வீடு முழுக்கப் பரவும். ஈரானியர்கள் மார்ச் மாதம் கொண்டாடும் அவர்களுடைய புத்தாண்டு மேசையில் இந்தப் பூ வைப்பது வழக்கம். பார்த்தவர்களுக்கு நம் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்ற ஆசை வருவதில் ஆச்சரியமில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். குளத்திலும் ஆற்றிலும் மிதந்து படரும் ஆகாயத்தாமரைக்கு ஆங்கிலப் பெயரில் ஹயசிந்த் என்ற சொல் வருவதால், பாடசாலைப் பிள்ளைகள் சிலர் இரண்டும் ஒன்று என்று நினைக்கிறார்கள். இரண்டுக்கும் பெயரைத் தவிர உறவு கிடையாது. ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த நீர்க்களை. அது பரவியதால் வந்த தொல்லையைத் தாங்காமல் 1909ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அதற்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். நாம் பேசுவது நிலத்தில் வளரும், வெங்காயம் போன்ற குமிழுள்ள செடி.

இந்தச் செடியின் சொந்த ஊர் துருக்கியின் தென்பகுதி, சிரியா, லெபனான் பக்கத்து மலைகள். அங்கேயிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. அதை வியாபாரமாக்கியவர்கள் ஒல்லாந்தர்கள். 1658 முதல் 1796 வரை நம் நாட்டின் கரையோரத்தைக் கையில் வைத்திருந்து கறுவா ஏற்றிய அதே ஒல்லாந்தர்கள்தான். அவர்களுடைய ஹார்லெம் நகரைச் சுற்றியுள்ள மணல் நிலத்தில் இந்தக் குமிழ் நன்றாக விளைந்தது. இன்றைக்கும் உலகச் சந்தைக்குப் போகும் ஹயசிந்த் குமிழில் பெரும்பகுதி அங்கேதான் விளைகிறது.

குமிழுக்குள் என்ன இருக்கிறது?

வீட்டில் ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டாக வெட்டிப் பாருங்கள். அடியில் வேர் விடுகிற கட்டியான தட்டு. அதன் மேல் ஒன்றையொன்று மூடிய சதைப்பற்றான இலைகள். நடுவில் ஒரு குருத்து. ஹயசிந்த் குமிழும் இதே அமைப்புத்தான். நடுக்குருத்தில் மட்டும் ஒரு விசேஷம். கடையில் விற்பனைக்கு வரும்போதே அதற்குள் அடுத்த பூங்கொத்து முழுவதும் கடுகு கடுகாக உருவாகி முடிந்திருக்கும். போன பருவத்து இலைகள் காய்ந்த பிறகு, வெயில் காலத்தில், குமிழ் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில், அது உள்ளே பூவைக் கட்டிக்கொண்டிருக்கும். சுற்றியுள்ள சதை இலைகள் அந்தப் பூ வெளியே வரும்வரை சாப்பிட வேண்டிய சாப்பாடு. மலைக்குப் போகும்போது நாம் கட்டிக்கொண்டு போகும் சோற்றுப் பொட்டலம் மாதிரி, செடி தனக்குத் தானே கட்டி வைத்த பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தேயிலையிலும் இது இருக்கிறது. கவ்வாத்து வெட்டிய செடியில் ஓர் இலைகூட மிஞ்சுவதில்லை. அப்படியிருந்தும் திரும்பத் துளிர்க்கிறதே, எதை வைத்து? வேரில் சேர்த்து வைத்த மாப்பொருளை வைத்து. அதனால்தான் கவ்வாத்துக்கு முன் வேரை வெட்டி அயடின் விட்டுப் பார்க்கிறார்கள். கருநீலமாக மாறினால் சேமிப்பு இருக்கிறது, வெட்டலாம். மாறாவிட்டால் செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பூக்குமிழும் இலை இருக்கும் காலத்தில் சேர்த்ததை வைத்துத்தான் அடுத்த முறை பூக்கிறது. பூ முடிந்ததும் "இனி என்னத்துக்கு இந்த இலை" என்று பச்சையாக இருக்கும்போதே நறுக்கி விடுகிறவர்கள் கையாலேயே அடுத்த வருடப் பூவையும் நறுக்கி விடுகிறார்கள்.

இரண்டு வருடமாக இலை மட்டும்

எங்கள் பகுதியில் ஒரு மேல்பிரிவுத் தோட்டத்தில் இருக்கும் தங்கச்சி ஒருவர், லெபனானில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர், எங்களிடம் கேட்டது இது. "ஐயா, மூணு கெழங்கு வச்சேன். மொத வருசம் இலைக்குள்ளேயே பூ வந்து மூஞ்சிய மட்டும் காட்டுச்சி, தண்டே வரல்ல. இப்ப ரெண்டு வருசமா வெறும் இலைதான். அங்க மேடம் வீட்டுல சும்மா பல்கனியில வச்சதுக்கே பூத்திச்சே. நம்ம ஊரும் குளிர்தானே?"

நல்ல கேள்வி. பதில் குளிர் என்ற ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

ஹயசிந்த் குமிழுக்குள் பூ தயாராக இருந்தாலும், அது தண்டு நீண்டு வெளியே வருவதற்கு ஒரு நீண்ட குளிர்காலம் தேவை. ஏறக்குறைய 5 முதல் 9 பாகை செல்சியஸ் குளிரில், 10 முதல் 13 வாரம், விடாமல் இருக்க வேண்டும். அந்தக் குளிரில்தான் உள்ளே இருக்கும் மாப்பொருள் சீனியாக உடைகிறது, வேர் இறங்குகிறது, தண்டு நீளுவதற்குத் தயாராகிறது. இந்தக் குளிர் போதாமல் போனால் பூ இலைக்கு நடுவில் கழுத்தோடு மாட்டிக்கொள்ளும். தங்கச்சி சொன்னது அச்சொட்டாக அதுதான். லெபனான் மலைகளில் குளிர்காலத்தில் பனிமழை பெய்கிறது. பல்கனியில் வைத்தாலும் குமிழுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

நம் நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் பனி படிந்து, கொழுந்து கருகிப்போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் அன்றைக்கே பத்து மணிக்கு வெயில் ஏறினால் கம்பளியைக் கழற்றி விடுகிறோம். வருடம் முழுக்கப் பார்த்தால் அங்கே சராசரி சுமார் 16 பாகை. குமிழுக்கு ஒரு இரவுக் குளிர் கணக்கில்லை, இரவும் பகலுமாக மூன்று மாதக் குளிர்தான் கணக்கு. நுவரெலியாவிலேயே இப்படி என்றால் ஹட்டன், பண்டாரவளை, புசல்லாவை பக்கங்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஆகையால் அந்தத் தங்கச்சியின் கைராசியில் குற்றமில்லை. மண்ணிலும் குற்றமில்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், இந்தக் குமிழ் மலிவான சாமான் அல்ல. பெட்டியில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்து ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிவிட்டு, வருடா வருடம் பூக்கும் என்று காத்திருப்பது வீண். பூக்க வைக்கவே முடியாதா என்றால், முடியும். ஆனால் ஒரு முறைக்குத்தான் உத்தரவாதம்.

பிரிட்ஜில் ஒரு குளிர்காலம்

இப்போது நம் லயங்களிலும் பிரிட்ஜ் உள்ள வீடுகள் இருக்கின்றன. குமிழைக் காகிதப் பையில் போட்டு, பையில் நாலைந்து துளை போட்டு, மரக்கறி வைக்கும் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைக்கக்கூடாது, உறைந்தால் குமிழ் செத்துவிடும். பொலித்தீன் பையும் வேண்டாம், வேர்த்து அழுகும். அப்பிள், வாழைப்பழம் போன்றவற்றைப் பக்கத்தில் வைக்கவே கூடாது. பழம் பழுக்கும்போது வெளியாகும் எத்திலீன் என்ற வாயு குமிழுக்குள் இருக்கும் சின்னப் பூவைக் கருக்கிவிடும். 10 முதல் 12 வாரம் பொறுமையாக இருக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களில் கதவைத் திறக்காமல் விட்டால் பெரிய பாதிப்பில்லை.

எடுத்த பிறகு ஒரு குமிழுக்கு வாய் 10 அல்லது 12 சென்ரிமீற்றர் அகலமுள்ள ஒரு சட்டி போதும். அடியில் ஓட்டை கட்டாயம் இருக்க வேண்டும். குமிழின் மூக்கு மண்ணுக்கு மேலே கொஞ்சம் தெரியும்படி வையுங்கள், முழுக்க மூடாதீர்கள். ஒரே சட்டியில் மூன்று வைப்பதானால் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. பிறகு சட்டியை வீட்டில் இருப்பதிலேயே குளிரான இருட்டு மூலையில் வைத்து, முளை விரல் நீளம் வந்தபின் வெளிச்சத்துக்குக் கொண்டு வாருங்கள். அவசரப்பட்டு நேராக வெயிலில் வைத்தால் தண்டு குட்டையாகிவிடும். அடுப்படிச் சூடும் ஆகாது. பூ சீக்கிரம் கொட்டிவிடும்.

மண் இல்லாமல், கழுத்து ஒடுங்கிய கிளாஸில் தண்ணீர் ஊற்றி, அதன் வாயில் குமிழை உட்கார வைத்தும் பூக்கச் செய்வார்கள். தண்ணீர் குமிழின் அடியைத் தொடக்கூடாது. ஒரு நூல் கீழே நிற்க வேண்டும், வேர் தானாகத் தேடி இறங்கும். பாடசாலை வகுப்பறைக்கு இது நல்ல பாடம், வேர் இறங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். ஹயசிந்த் கிடைக்காத ஆசிரியர்கள் பெரிய வெங்காயத்தை வைத்தே இதைக் காட்டலாம்.

வெங்காயத் தட்டில் கை வைக்கும்போது

இனிச் சொல்வதைத் தயவுசெய்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அந்தத் தங்கச்சி வீட்டிலேயே நடந்த ஒன்று. பிரிட்ஜில் வைத்திருந்த குமிழைப் பார்த்த மாமியார், வெங்காயம் என்று நினைத்து, சம்பலுக்கு உரிக்கத் தொடங்கிவிட்டார். தோலை உரித்ததும் கை நமைச்சல் எடுத்திருக்கிறது. "என்னாடி இது, கண்ணுல தண்ணி வராத வெங்காயம், கை மட்டும் ஊறுது?" என்று கேட்டதால்தான் மருமகள் ஓடி வந்து பிடுங்கினார். அந்த அம்மாவின் மூக்கும் கையும் அன்றைக்கு அந்த வீட்டைக் காப்பாற்றின. கண் மங்கிய ஒரு பாட்டியோ, தானே சமைத்துப் பழகும் ஒரு பத்து வயதுப் பிள்ளையோ என்றால் என்ன நடந்திருக்கும்?

ஹயசிந்த் குமிழின் தோலிலும் சதையிலும் ஊசி போன்ற நுண்ணிய கல்சியம் ஒக்சலேற்றுப் படிகங்கள் இருக்கின்றன. நமைச்சல் அதனால்தான். ஒல்லாந்தில் இந்தக் குமிழை வகைபிரிக்கும் தொழிலாளர்களுக்கு இது தொழில் தொல்லையாகவே இருக்கிறது. தின்றால் வாய் எரியும், வயிற்று வலி, வாந்தி, வயிற்றோட்டம் வரும். இன்னும் சில பூக்குமிழ்கள், குறிப்பாக டஃபடில், நாம் கீழே சொல்லப்போகும் ஹிப்பியாஸ்ட்ரம் ஆகியவற்றில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. அதுவும் கடும் வாந்தி உண்டாக்கும். நாய், பூனைக்கும் ஆகாது. சமைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள்.

ஆகவே பூக்குமிழை மரக்கறியோடு வைக்கவே வேண்டாம். பிரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும் என்றால் மூடியுள்ள பழைய பிஸ்கட் தகரத்தில் துளை போட்டு, அதற்குள் காகிதப் பையை வைத்து, மேலே சிவப்பு மையால் "நஞ்சு - தின்னக்கூடாது" என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் இருந்தால் மண்டையோட்டுப் படம் போட்டு விடுங்கள். வெட்டினால் வெங்காய வாசம் அடிக்காத எந்தக் குமிழையும் சட்டியில் போடக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

யாராவது தின்றுவிட்டால் வாயைக் கழுவி, மிச்சம் இருப்பதைத் துப்பச் செய்யுங்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். மிஞ்சிய குமிழ்த் துண்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டொக்டருக்கு அது மிகவும் உதவும். 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தோட்டத்துக்கும் வரும். லொறி தேடி ஓடுவதற்கு முன் அந்த நம்பரை அழுத்துங்கள்.

பெட்டிக்குள் கொண்டு வரலாமா?

கூடாது. இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நடுவதற்கான குமிழ், விதை, கிழங்கு எதுவானாலும் முன் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்காவில் தாவரத் தனிமைப்படுத்தல் அதிகாரிகள் பரிசோதிப்பார்கள். மண்ணோடு கொண்டு வருவது அதைவிடப் பிழை. நம் பெண்கள் பலர் அறியாமல்தான் செய்கிறார்கள். அறிந்த பிறகு செய்யக்கூடாது.

ஒரு கிழங்கில் என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். ஹயசிந்த் குமிழில் மஞ்சள் நோய் என்று ஒன்று உண்டு. 1883இல் ஒல்லாந்து ஆய்வாளர் வாக்கர் அது பக்டீரியாவால் வருவது என்று காட்டினார். அதைவிட நமக்குப் பயம் குமிழுக்குள் ஒளிந்து வரும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு. குமிழைத் தாக்கும் அதே புழு வெங்காயத்தையும் பூண்டையும் லீக்ஸையும் கெடுக்கக்கூடியது. நம்மில் எத்தனை குடும்பம் வேலை முடிந்து அந்தியில் லீக்ஸ் பாத்தியை நம்பி இருக்கிறது! வெளியிலிருந்து வரும் நோய் என்ன செய்யும் என்பதற்கு நம் தோட்டங்களை விட வேறு சாட்சி எதற்கு? 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோயால்தான் இந்த மலைகளில் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக் கொழுந்தைக் கெடுக்கும் கொப்புள நோய் 1946இல் இங்கே வந்து சேர்ந்தது. இன்றைக்கு வரை மழை மாதத்தில் அதற்கு மருந்தடிக்காமல் முடியவில்லை.

நம் மலைக்கு ஏற்ற குமிழ்

ஹயசிந்த் ஆசையை விட்டுவிட்டவர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது ஹிப்பியாஸ்ட்ரம். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் செடியை எல்லோருக்கும் தெரியும். பழைய பங்களாக்களின் பாத்தி ஓரத்திலும் கோயில் வாசலிலும் நிற்கும். வார்போலப் பட்டையான இலை, தடித்த தண்டின் தலையில் ஊதுகுழல் போல இரண்டு முதல் நாலு பெரிய பூ, அனேகமாகச் சிவப்பு. லில்லி என்றே நாம் சொல்லி விடுவோம். தென்னமெரிக்காவின் சூடான பகுதிகளிலிருந்து வந்தது. ஆகையால் பனிக்குளிர் கேட்பதில்லை. கேட்பது ஒரு காய்ந்த ஓய்வு மட்டும்.

சட்டி குமிழை விட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும். பெரிய சட்டியில் வைத்தால் வேரிலும் இலையிலும்தான் கவனம் போகும், பூ தாமதமாகும். குமிழின் மேல் பாதி, குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். கழுத்து வரை புதைத்தால் மழைத்தண்ணீர் இறங்கி அழுகிவிடும்.

மண் விஷயத்தில் ஒரு கண்டிப்பு. தேயிலை மலையிலிருந்து மண் அள்ளாதீர்கள். அது புளிப்பு மண், தேயிலைக்கு நல்லது, குமிழுக்கு ஆகாது. மேல்நாட்டுத் தேயிலையின் வேரைத் தின்னும் வட்டப்புழுவும் அதில் இருக்கலாம். பழைய சட்டி மண்ணையும் மலைக்குள் கொட்டாதீர்கள். மாட்டுப்பட்டிப் பக்கத்து நன்றாக உக்கிய எரு ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, வீட்டுத்தோட்டத்து மண் இரண்டு பங்கு கலந்து, ஒரு வாளிக்கு ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலோ டொலமைற்றோ சேர்த்தால் போதும். டொலமைற் தோட்டத்து ஸ்டோரில் இருக்கும், ஆனால் கேட்டு வாங்குங்கள். பச்சைச் சாணம் போட்டால் குமிழ் வெந்துவிடும்.

சித்திரைப் புத்தாண்டுக்குப் பூக்க வைப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. டிசெம்பர் முதல் வாரத்தில் சட்டியை இஸ்தோப்புக்குள், மழை படாத இடத்துக்கு எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். இலை மஞ்சளாகித் தானாகக் காயும், அப்போது வெட்டலாம். ஏறக்குறைய பத்து வாரம் அப்படியே கிடக்கட்டும். பார்க்க வருகிறவர்கள் செத்த செடிக்குச் சட்டி எதற்கு என்று கேட்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். பெப்ரவரி நடுவில் மேல்மண்ணைக் கொஞ்சம் மாற்றி, ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். முளை தெரியும் வரை மறுபடி ஊற்ற அவசரப்படாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூ வரும். குளிர் கூடிய மேல்பிரிவுகளில் இன்னும் ஒன்றிரண்டு வாரம் பிந்தலாம், அதற்கேற்ப முன்கூட்டித் தொடங்குங்கள். பூ வாடியதும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு, இலையை நவம்பர் வரை வளரவிட்டு மாதம் ஒரு தடவை எருத்தண்ணீர் கொடுங்கள். ஒரு குமிழ் இப்படிப் பல வருடம் பூக்கும்.

தாய்க்குமிழின் பக்கத்தில் பிள்ளைக்குமிழ் வெடிக்கும். கோழிமுட்டை அளவு வந்தபின் வேரோடு பிரித்து நட்டால் இரண்டு மூன்று வருடத்தில் அதுவும் பூக்கும். பூத்த சட்டியாக விற்றால் ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருக்கும் பென்சன்காரர்களுக்கு இது முடியாத வேலையில்லை. விற்கும்போது குமிழ் தின்னக்கூடாதது என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

கிளடியோலஸ், டேலியா இரண்டும் நம் மலையில் நன்றாக வரும். ஆனால் ஆழமான மண் கேட்பவை, பாத்திக்கே நல்லது. டேலியாக் கிழங்கைப் பிரிக்கும்போது கழுத்தில் முளைக்கண் இல்லாத துண்டை நட்டால் முளைக்காது, அதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

சட்டிக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பெயின்ற் வாளி, பால்மாத் தகரம், கிழிந்த உரப்பை எதுவும் பாவிக்கலாம். கிருமிநாசினி, களைநாசினி வந்த கான்களை மட்டும் எவ்வளவு கழுவினாலும் வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். சட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் நிற்கும் தண்ணீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கினிகத்தேனை, யட்டியாந்தோட்டை போன்ற கீழ்ப்பக்கத் தோட்டங்களில் இது முக்கியம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் நேர்கோட்டில் எந்தக் குமிழையும் வைக்க வேண்டாம்.

எங்கள் அலுவலக வாசலில் உள்ள ஹிப்பியாஸ்ட்ரம் பாத்தியை இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை பிரிக்கிறோம். பிள்ளைக்குமிழ் வேண்டியவர்கள் பெரட்டு முடிந்து, அல்லது அந்திக்கு, அடியில் ஓட்டை போட்ட ஒரு தகரத்தோடு வரவும். ஒரு வீட்டுக்கு இரண்டு. பிள்ளை மடுவம் பக்கத்தில் குடியிருப்பவர்கள் சட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க இடம் பார்த்துவிட்டு வாருங்கள்.